ஷோகேஸில் ஒரு வேட்டைக்காரி

அண்ணா வீட்டு ஷோகேஸில் அவளை வைத்தது நான்தான். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கத்தில், எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் வருவது சோபா, அடுத்தது ஷோகேஸ். கண்ணாடிக் கதவு, உள்ளே சின்ன லைற், பின்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அண்ணாவின் ஷோகேஸில் பிளக் குத்தினால் நிறம் மாறும் தாஜ்மகால் இருந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிய குதிரை இருந்தது. நயாகரா நீர்வீழ்ச்சி கீறிய தட்டு, உறை கழற்றாத பிளாஸ்ரிக் ரோஜாக்கள், யாரோ பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் கொடுத்த அன்னங்கள். அண்ணாவின் மனைவி, எனக்கு மச்சாள், கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைப்பார். ஒரு அன்னம் விரற்கடை நகர்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட இடத்தில், தாஜ்மகாலுக்கும் குதிரைக்கும் நடுவில், ஒரு கை இல்லாத, மார்பு பாதி திறந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவள் எனக்கு வந்தது நான் வேலை செய்த வீட்டிலிருந்து. பேவியூப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு வீடு துப்புரவாக்கிச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிழவி என்று மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். பொல்லாத கோபக்காரி. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வரவேற்பறையில் நெருப்பு மூட்டும் இடத்துக்கு மேலேயிருந்த தட்டில் அவருடைய தாயார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மண் தெய்வங்கள் வரிசையாக நின்றன. முத்தலைச் சூலத்தோடு கடற்கடவுள், தானியக் கதிரோடு ஒரு தேவி, காலடியில் மீனோடு காதல் தேவி, கடைசியில் இவள். எல்லாரும் ஒரு சாண் உயரம், எல்லாரும் பச்சைப் புல் தீட்டிய சதுரமான பீடத்தில் நின்றார்கள்.

இவை அரண்மனைச் சாமான்கள் இல்லை. இங்கிலாந்தில் இருநூறு வருடங்களுக்கு முன்னர் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, சூளையில் சுட்டு, பளபளவென்று மெருகு பூசி, மேலே பச்சை, மஞ்சள், செம்மண் நிறங்களைக் கைவேகத்தில் தீட்டி விற்ற பொம்மைகள். பளிங்குச் சிலை வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் போனவை. இவளுக்கு நிறம் தீட்டியவருக்குச் சரியான அவசரம் போலும். ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் ஜன்னலைப் பார்த்தது. கன்னத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. காலடியில் ஒரு நாய், நாயா ஆட்டுக்குட்டியா என்று சொல்லமுடியாத ஒரு நாய். வலது கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தாள். முதுகு சொறிகிறாள் என்றுதான் நான் பல மாதங்கள் நினைத்திருந்தேன்.

"அம்பு எடுக்கிறாள், முட்டாளே," என்றார் கிழவி. "மற்றக் கையில் வில் இருந்தது. கையோடு போய்விட்டது. நான் பிறக்கும் முன்பே போய்விட்டது."

அவள் பெயர் டயானாவாம், ரோமர்களின் வேட்டைத் தெய்வம். சந்திரன் அவளுடையது, அதனால் தலையில் ஒரு பிறை. சின்னப் பிள்ளையாகத் தகப்பனின் மடியில் இருந்தபோது, என்ன வேண்டும் கேள் என்றாராம் தகப்பன். என்னை ஒருபோதும் ஒருவருக்கும் கட்டிக் கொடுக்காதே, ஒரு வில்லும் காடும் தா என்றாளாம். அவரும் சரி என்று கொடுத்துவிட்டாராம். கிழவி இதைச் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்று என்னைத் திட்டினார்.

அடுத்த வருடம் கிழவியை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். மகன்மார் வந்து சாமான் பிரித்தார்கள். கடற்கடவுளை ஒருவர் எடுத்தார், மற்றவர் தேவிகள் இருவரையும் எடுத்தார். கையில்லாதவளை இருவரும் எடுக்கவில்லை. கிழவி அவளைத் தன்னுடைய கம்பளிக் கழுத்துத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். "நீ கொண்டு போ. பெட்டிக்குள் பூட்டி வைத்தாயானால் நான் செத்த பிறகும் வந்து கேட்பேன்." அதனால்தான் ஷோகேஸ்.

அண்ணா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே கண்டுவிட்டார்.

"உதென்ன கண்டறியாத சாமான்?"

"பொம்மை."

"பொம்மைக்கு உடுப்பில்லையோ? சனம் வந்து போற வீடு."

மறுநாள் காலையில் அவள் சேலை உடுத்திருந்தாள். மச்சாள் தன்னுடைய பழைய நைலெக்ஸ் சேலை ஒன்றில் துண்டு வெட்டிக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை சுற்றி நூலால் கட்டியிருந்தார். அம்பெடுக்கும் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் வேறு துண்டு, இந்தமுறை பூப்போட்டது. இப்படியே அந்த மாதம் முழுக்க நடந்தது. இருவரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு பரிமாறுவோம், ரிவியில் படம் பார்ப்போம், அவர் கட்டுவார், நான் அவிழ்ப்பேன்.

கடைசியில் பொறுமை கெட்டது எனக்குத்தான். ஒரு சனிக்கிழமை மச்சாள் நூலும் கத்தரிக்கோலுமாக நிற்கக் கையும் மெய்யுமாகப் பிடித்தேன்.

"மச்சாள், உது பொம்மையில்லை. சாமி. தலையைப் பாருங்கோ."

மச்சாள் குனிந்து பார்த்தார். தலைமயிருக்கு நடுவே, மஞ்சள் நிறத்தில், நகம் அளவில் பிறை. பிறையைத் தலையில் வைத்திருப்பவர் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவருடைய கை அப்படியே பின்வாங்கியது.

"ஐயோ. உடுத்த துணியையெல்லோ சாமிக்குச் சுத்திப்போட்டன்." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நீர் முதலே சொல்லக்கூடாதே?"

அன்றோடு சேலை நின்றது. தாஜ்மகால் கீழ்த்தட்டுக்கு இறங்கியது, இவள் மேல்தட்டுக்கு ஏறினாள். அடுத்த வெள்ளிக்கிழமை நெற்றியில் குங்குமமும் வந்துவிட்டது. அண்ணா முணுமுணுத்தார். ஆனால் சாமி என்று ஆகிவிட்ட ஒன்றைக் குப்பையில் போடு என்று சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை. நான் பேஸ்மென்றில் என் கட்டிலில் படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மச்சாள் ஒருநாள் "என்ன சாமி உவ?" என்று கேட்டபோது, தகப்பன் மடிக் கதையைப் பெருமையாக வேறு சொல்லி வைத்தேன்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அப்பா இல்லை, அம்மா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அண்ணா. எனக்குக் கலியாணம் செய்து வைப்பது தன் கடமை என்று அவர் முடிவெடுத்திருந்தார், அது பற்றிக் கதைக்கவேண்டிய தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை. வந்த சம்பந்தங்களில் ஒன்று சாதகம் பொருந்தாமல் போனது. இன்னொரு இடத்தில் என் நிறம் காணாது என்றார்கள். மூன்றாவது, பக்கத்து நகரமான மிசிசாகாவில் இருந்த ஒருவர், விமான நிலையத்தில் வேலை. அவரை ஒரு கலியாண மண்டபத்தில் வைத்துக் காட்டினார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன், அவர் அண்ணாவிடம் கேட்கிறார்: "உவ கார் ஓடுவாவோ?" அண்ணா சொல்கிறார்: "பழகிக்கொண்டிருக்கிறா." எனக்கு வாய் இருக்கிறது என்று இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கலியாணமே வேண்டாம் என்று நான் விரதம் எடுத்திருக்கவில்லை. பலரும் அப்படித்தான் பிறகு கதை கட்டினார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என்னிடம் கேட்கவேண்டும். உனக்கு இது வேண்டுமா என்று, என் முகத்தைப் பார்த்து, ஒருமுறை. அதை நானே போய்க் கேட்டு வாங்க என் ரோசம் விடவில்லை.

மிசிசாகாக்காரர் தாயாரோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக முடிவாகியிருந்தது. சரிவந்தால் அன்றைக்கே நாள் குறிப்பதாம். இதையும் எனக்குச் சொன்னது மச்சாள்தான், வெங்காயம் வெட்டிக்கொண்டு. வெட்டி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குண்டைப் போட்டார். கோயில் ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டாராம். கையில்லாத சாமி வீட்டில் இருக்கலாமோ என்று. பின்னமான விக்கிரகம் வீட்டில் இருக்கவே கூடாது, நல்ல காரியம் எல்லாம் தடைப்படும் என்றாராம் ஐயர். கொண்டுவந்த ஆளே தன் கையால் தண்ணீரில் விடவேண்டுமாம். ஸ்காபரோவில் தண்ணீர் என்றால் ஏரிதான்.

"அதோடை உவ கலியாணம் வேண்டாமெண்ட சாமியெல்லோ," என்றார் மச்சாள். "நீரே சொன்னனீர். உவ வந்தாப்பிறகுதானே எல்லாம் தட்டிப்போகுது."

என் வாயால் நான் கெட்டேன். பொம்மையாகவே விட்டிருந்தால் பழைய சேலைத் துண்டோடு போயிருக்கும். நான்தான் அவளைச் சாமியாக்கினேன். சாமியானபடியால்தான் இப்போது அவளுக்கு ஏரி. முதலில் சிரிப்பு வந்தது. அண்ணா மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை அவை வரேக்கை உது இந்த வீட்டிலை இருக்கக்கூடாது."

"உது போனால் நானும் போவன்."

"வாய் காட்டாதை. உன்னை இஞ்சை கூப்பிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அது உண்மை. இரண்டு வேலை செய்து, நித்திரை இல்லாமல், என்னைக் கூப்பிட்டவர் அவர். நன்றி எனக்கு நிறையவே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அந்த நன்றிக்குப் பதிலாக என்னை ஒருவருக்குப் பார்சல் கட்டிக் கொடுக்கலாம் என்று யார் சொன்னது? இதை அப்படியே சொல்லியிருக்கவேண்டும். கோப்பையைத் தள்ளிவிட்டுக் கீழே போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை காரில் ஏறினேன். ஏன் ஏறினாய் என்று கேட்பீர்கள். ஏறாவிட்டால் அவர்களே எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஏறினால் அவள் என் கையில் இருப்பாள். கிழவியின் கழுத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மச்சாள் முன்சீற்றில் பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச் சட்டையும், மடியில் தாம்பாளமும், தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, கர்ப்பூரமுமாக இருந்தார். அண்ணா காரை ஓட்டினார். பிரிம்லி வீதி தெற்கே போய், மலையிலிருந்து விழுவதுபோல ஏரிக்கரைக்கு இறங்குகிறது. இறங்கினோம்.

ஏப்ரல் மாதம். ஏரியிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. கரையில் பாறாங்கற்கள், தூரத்தில் நாய்களோடு நடக்கும் வெள்ளைக்காரர்கள். மச்சாள் ஒரு கல்லில் தாம்பாளத்தை வைத்தார். அண்ணா லைற்றரைத் தட்டினார். பற்றவில்லை. திரும்பத் தட்டினார். சட்டையை விரித்துக் காற்றை மறைத்துத் தட்டினார், கர்ப்பூரம் ஒரு கணம் பிடித்து அணைந்தது. ஓடிக்கொண்டு போன ஒருவர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பிரார்த்தனை என்றார் அண்ணா. குட் லக் என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

"ஓடுற தண்ணியிலையெல்லோ விடவேணும்," என்றார் அண்ணா, ஏரியைப் பார்த்துக்கொண்டு. "இது ஓடுதோ?"

"எல்லாம் போய்க் கடலிலைதானே சேருது," என்றார் மச்சாள். "பிள்ளை, இறங்கி விடும்."

நான் கல்லில் இறங்கினேன். துண்டை அவிழ்த்தேன். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் சிவப்புப் பொட்டு, ஒரு கண் என்னில், மற்றது ஏரியில். தண்ணீர் சப்பாத்து நுனியை நனைத்தது. பின்னால் இருவரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கும்பிட்டுக்கொண்டே என்னைக் கட்டிக்கொடுக்க அவசரப்பட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ வெடித்தது.

"விடமாட்டன்," என்றேன்.

"என்ன?"

"விடமாட்டன் எண்டு சொன்னனான். கை இல்லாட்டி என்ன? நிக்கிறாதானே. இவ்வளவு காலம் நிண்டவ. நாளைக்கு வாறவை என்னைப் பாக்க வரவேண்டாம். என்னைக் கேட்டோ வரச்சொன்னனீங்கள்?"

"விசர்க்கதை கதையாதை. காத்து அடிக்குது. விட்டுட்டு வா."

"என்னைக் கேட்டனீங்களோ, இல்லையோ?"

அண்ணா லைற்றரைத் திரும்பத் தட்டினார். நான் அவளைத் திரும்பச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கல்லில் ஏறி, அவர்கள் இருவருக்கும் நடுவால் நடந்தேன். காரைத் தாண்டினேன்.

"போனால் அப்பிடியே போ!" என்று அண்ணா பின்னால் கத்தினார். "வீட்டுப் பக்கம் வராதை!"

போனேன். அந்த ஏற்றத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பஸ் இல்லை, நடைபாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கால் வலித்தது, மூக்கு ஒழுகியது. எங்கே போவேன் என்று தெரியாது. என் கைப்பை காரில் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஏற்றத்தில் எனக்குப் பயமே வரவில்லை. கோபம் அவ்வளவு சூடாக இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து நான் எடுத்துவைத்த முதல் சொந்த அடி இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் உரக்கவே.

கொஞ்ச நேரத்தில் கார் என் பக்கத்தில் மெல்ல ஊர்ந்து வந்தது. மச்சாளின் பக்கக் கண்ணாடி இறங்கியது.

"ஏறும் பிள்ளை. குளிருது."

"மாட்டன்."

"ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

கார் நின்றது. கதவு திறந்து அடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணாதான் இறங்கிவிட்டார், இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்து அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் மச்சாள். தாம்பாளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையோடு கொண்டுவந்துவிட்டார். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, குளிர்ச் சப்பாத்தோடு, மூச்சு வாங்க என் பக்கத்தில் நடந்தார். பாதி ஏற்றத்தில்தான் வாய் திறந்தார்.

"எனக்கு அப்பப் பத்தொன்பது வயசு," என்றார். "பள்ளிக்கூடத்தாலை வாறன், வீட்டிலை ஆக்கள் இருக்கினம். அடுத்த மாசம் கலியாணம். ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்கிறதெண்டு ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

பின்னால் அண்ணா காரை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி திறந்திருந்தது. அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் வந்த கார்கள் ஹோன் அடித்தன. அவர் வேகம் கூட்டவில்லை.

"தேங்காயைத் தாங்கோ, நான் கொண்டுவாறன்," என்றேன்.

"நீர் அவவைப் பிடியும்," என்றார் மச்சாள்.

ஏற்றம் முடிந்த இடத்தில் இருவரும் காரில் ஏறினோம். களைத்துப்போய் ஏறினோம், தோற்றுப்போய் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் யாரிடமும் கேட்காமல் அவளை மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நாளைக்கு மிசிசாகாக்காரரும் தாயாரும் வந்தால் இதற்கு முன்னால்தான் உட்காரவேண்டும். கேட்டால் கதையையும் சொல்லுவேன். அப்படியும் அண்ணா துரத்தினால், உடுப்பை எடுத்துக்கொண்டு ஒற்றை அறைப் பச்சிலர் அப்பார்ட்மென்ற் ஒன்று பார்ப்பேன். எல்லாம் யோசித்து முடித்துவிட்டுத்தான் நின்றேன்.

அண்ணா சட்டையைக் கழற்றாமல் போனடிக்குப் போனார். மிசிசாகாவுக்குத்தான் எடுத்தார். ஊர்ப் புதினம், சுகநலம் எல்லாம் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு வரவேண்டாம், தம்பி. இல்லை, இல்லை, உங்களிலை ஒரு குறையுமில்லை. நான் தங்கச்சியைக் கேக்காமல் வரச்சொல்லிப்போட்டன். பிழை என்னிலை."

மறுமுனையில் தாயார் போனை வாங்கியிருக்கவேண்டும். கத்துவது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. அண்ணா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியான கதை மாலைக்குள் ஸ்காபரோ முழுக்கப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. கோபம் கொஞ்சமும் தணிந்திருக்கவில்லை.

"சரி, இப்ப கேக்கிறன்," என்றார். "உனக்குக் கலியாணம் வேணுமோ?"

முப்பத்தொரு வருடத்தில் முதல்தடவை ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். அடுப்படி வாசலில் மச்சாள் அசையாமல் நின்றார். அண்ணாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டுவிட்டாரே என்பதற்காகவே ஓம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"வேண்டாம்," என்றேன்.